மேட்ரனம்மாவின் விசிட்டர்ஸ் வைஃபை

மயூர் விஹாரில் மேட்ரனம்மாவைக் கண்டு பயப்படாத மனிதர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். பயப்படாத ரூட்டர் ஒன்றுகூடக் கிடையாது. கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வந்து, மூன்று நாள் குடைந்து, "லைன்ல பிராப்ளம் ஜி" என்று கையை விரித்துவிட்டுப் போன பெட்டிகள்கூட, வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மரியாதையாக விளக்கைப் போட்டுக்கொள்ளும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெல்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, மேட்ரனாக ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைக்காரர். கூட்டுறவு சொசைட்டி ஃப்ளாட்டில் நான்காவது மாடி. கேட்டில் நிற்கும் காவலாளி முதல் கீரை வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'மேட்ரன்ஜி'. தமிழ் ஆட்களுக்கு மேட்ரனம்மா. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்த வீட்டின் பின்பக்க அறையில் நானும் நஸ்ரினும் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். நான் மதுரைக்காரி, நொய்டாவில் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை. நஸ்ரின் மேலப்பாளையத்துப் பெண், நொய்டாவிலேயே ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். பாதி நாள் இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அந்தக் கட்டடத்துக்குள் மொபைல் சிக்னல் எட்டிப் பார்க்காது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிச் சாய்ந்தால் ஒரு கோடு வரும். அதை வைத்துக்கொண்டு 'ஹலோ' சொல்லலாம். முகம் பார்த்துப் பேச முடியாது. ஆகவே எங்கள் சம்பளம், சொந்தபந்தம், பொழுதுபோக்கு எல்லாம் மேட்ரனம்மாவின் வைஃபையை நம்பித்தான் இருந்தன.

அவர் வைத்திருந்தது மெஷ் வைஃபை. ஒரு தாய்ப் பெட்டி, இரண்டு பிள்ளைப் பெட்டிகள். ஒன்றுக்கொன்று சிக்னலைக் கைமாற்றி, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹாலில் இருந்த தாய்ப் பெட்டியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டி 'கேஷுவாலிட்டி' என்று எழுதியிருந்தார். அவர் படுக்கையறைப் பெட்டி 'ஐசியு'. எங்கள் அறைக்கு வெளியே இருந்தது 'ஜெனரல் வார்டு'. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரவுண்ட்ஸ். புறங்கையை ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் சூடாக இருந்தால் அன்று அதற்குப் பத்து நிமிடம் கட்டாய ஓய்வு. நாங்கள் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, வேலைக்கே உலை வைக்கும் கூட்டமாக இருந்தாலும் சரி, பிளக் பிடுங்கப்படும்.

"மேட்ரனம்மா, மீட்டிங் ஓடுது!"

"ஓடட்டும் ஓடட்டும். இங்க பாரு, அனலா கொதிக்கி. உன் ஆபீசரு வந்து பத்துப் போடுவானா இதுக்கு?"

மென்பொருள் அப்டேட் நடக்கும் நாளில் ஹாலுக்குள் நுழையவே அனுமதி இல்லை. கதவருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "ஆபரேஷன் நடக்கு. காபி அப்புறம் போட்டுக்கலாம். போ, வெரசா உள்ள போ."

அவருடைய வைஃபைக்கு இரண்டு பெயர்கள். ஒன்று 'ஸ்டாஃப் ஒன்லி'. அதில் அவருடைய போன், வாசல் கேமரா, பிரிண்டர், பைபிள் வாசிக்கும் ஸ்பீக்கர் எல்லாம் இருந்தன. மற்றொன்று 'விசிட்டர்ஸ்', அதாவது விருந்தினர்களுக்கான தனிப் பாதை. அதில் இணையம் கிடைக்கும், ஆனால் வீட்டிலுள்ள மற்ற சாதனங்கள் எதையும் தொட முடியாது. மாதா மாதம் வாடகை கொடுத்த நாங்கள் இருவரும் மூன்று வருடமும் விசிட்டர்கள்தான்.

ஒருமுறை நஸ்ரின் நியாயம் கேட்டாள். "நாங்க இங்கனதான குடியிருக்கோம்? எங்களை மெயின்ல சேத்தா என்ன?"

"பேஷண்டுந்தான் ஆஸ்பத்திரில மாசக்கணக்கா குடியிருக்கான். அவனுக்கு ஆபரேஷன் தியேட்டர் சாவியக் குடுப்பாவளா?"

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பின்கதை உண்டு. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணை அவர் 'ஸ்டாஃப்' பக்கம் சேர்த்திருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ரனம்மா கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தபோது, அந்தப் பெண்ணின் போனிலிருந்து வழிதவறிய ஒரு குத்துப்பாட்டு, ஸ்பீக்கருக்குள் நுழைந்து வீடு அதிரப் பாடிவிட்டது. அன்றோடு அந்தக் கதவு மூடப்பட்டது.

விளைவு, எங்களால் பிரிண்டரைத் தொட முடியாது. எதை அச்செடுப்பதானாலும் பென் டிரைவில் போட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அச்செடுப்பார். உடம்பு சரியில்லை என்று நான் எழுதிய ஒரு விடுப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வயித்துவலின்னு மொட்டையா போட்டா எவன் நம்புவான்? வலது பக்கமா, இடது பக்கமா?"

பாஸ்வேர்டு திங்கள்தோறும் மாறும். எல்லாமே மருந்துப் பெயர்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எங்கள் அறைக் கதவில் ஒட்டிவிடுவார். அந்த மருந்துகளை விழுங்குவதுகூடச் சுலபம். ஸ்பெல்லிங் தப்பில்லாமல் அடிப்பதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்த நண்பர்கள் பலர் மூன்றாவது முயற்சியில் மனம் உடைந்து, "பரவாயில்லை, சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்" என்று முடிவெடுத்ததால் சில நல்ல உரையாடல்கள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உடனே உள்ளே போய்விட முடியாது. புதிதாக ஒரு போன் தலையை நீட்டினால், அவருடைய செயலியில் மணி அடிக்கும். அவர் அனுமதித்து, பட்டியலில் ஒரு பெயர் வைக்க வேண்டும். இதற்குப் பெயர் அட்மிஷன். 'கேஸ் பையா', 'பிளம்பர் நல்லவன்', 'பிளம்பர் மோசம்', 'நஸ்ரின் ஃப்ரெண்ட், சிரிச்ச முகம்' என்றெல்லாம் அந்தப் பட்டியலில் பார்த்திருக்கிறேன்.

அவருடைய புகழ் கட்டடம் முழுக்கப் பரவியது இரண்டாவது மாடி சர்மாஜியின் கூலர் விஷயத்தில்தான். சர்மாஜி வீட்டிலும் மெஷ் வைஃபை. மே மாதம் லக்னோவிலிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள். விருந்தினர் அறையில் வைஃபை இருப்பதாகக் காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. கம்பெனி ஆட்கள் வந்து வயரை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், கடைசியில் சம்பந்திகளின் போனையே மாற்றச் சொன்னார்கள். சம்பந்தி அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் டிக்கெட் பார்க்கும் நிலைமை. அப்போதுதான் மேட்ரனம்மாவை அழைத்தார்கள். கையில் ஒரு டார்ச்சோடு போனார். வேடிக்கை பார்க்க நாங்கள் பின்னாலேயே போனோம்.

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சர்மாஜியிடம் இந்தியில் நோயின் வரலாற்றைக் கேட்டார். எப்போதிலிருந்து? ஹோலிக்கு நன்றாக இருந்ததா? இருந்தது. குளிர்காலத்தில்? பிரமாதம். பகலில் மோசமா, இரவிலா? பகலில்தான். காலையில்? ஆறேழு மணிக்கு நன்றாக இருக்கும் மேட்ரன்ஜி, பத்து மணிக்கு மேல் போய்விடும்.

"பத்து மணிக்கு என்ன செய்வீர்கள்?"

சர்மாஜி யோசித்தார். "ஒன்றும் செய்வதில்லையே. கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவேன்."

மேட்ரனம்மா எழுந்தார். விருந்தினர் அறைக்குப் போகும் வழியில் ஒரு ஆள் உயரத்துக்கு இரும்புக் கூலர். அதன் முதுகுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, மெஷ் பெட்டி. கூலரின் வயிறு நிறையத் தண்ணீர். மேட்ரனம்மா டார்ச்சை அடித்துக் காட்டிவிட்டு, எங்களிடம் தமிழில் சொன்னார்: "தண்ணியும் இரும்பும் சேந்து நிக்குது. சிக்னல் எங்கன போவும்? சவம், நீந்தியா வரும்?"

பெட்டியை எடுத்து எதிர்ச்சுவரின் அலமாரி மேல் வைத்தார். உள்ளேயிருந்து சம்பந்தி அம்மாளின் போனில் ஒரு பஜனைப் பாட்டு கணீரென்று கிளம்பியது. சர்மாஜி மேட்ரனம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். அவர் ஒதுங்கிக்கொண்டு, "போதும் போதும், ரொம்ப நாள் அந்தக் கூலர்ல தண்ணி நிக்க விடாதீங்க, கொசு வரும்" என்று இந்தியில் அதட்டிவிட்டுப் படியேறினார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வாசலில் வெளிநோயாளிகள் வரிசை.

இப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. எந்தப் போனில் என்ன கோளாறு வந்தாலும் கடைசியில் ஒரே மருந்தைத்தான் எழுதுவார்: மறத்தல். போனின் வைஃபை பக்கத்தில், இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு என்று ஒரு பொத்தான் இருக்கும்.

"அத அமுக்கு. எல்லாத்தையும் மறந்துட்டு மொதல்லருந்து சேரு. மனுசனுக்கும் போனுக்கும் அதாம்ட்டி மருந்து."

நஸ்ரினின் போனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த மருந்து கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறை மறந்து சேரும்போதும் செயலியில் மணி அடிக்கும். மேட்ரனம்மா புதிதாக அட்மிஷன் போடுவார். ஆள் வெளியே போய்விட்டு வந்தால் மறுபடி சீட்டுப் போடுவது ஆஸ்பத்திரி வழக்கம்தானே என்று அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை.

நஸ்ரினுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவளோடு வேலை பார்த்த இம்தியாஸ்தான் மாப்பிள்ளை. இருவருக்கும் பிடித்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுச் சம்மதம் மட்டும் பாக்கி. இம்தியாஸின் அப்பா திருச்சிக்காரர், மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தவர். நஸ்ரினின் வாப்பா மேலப்பாளையத்தில் படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். உம்மாவால் அவரை விட்டு வர முடியாது. பெண் பார்க்கும் வைபவத்தை எங்கே வைப்பது என்று நஸ்ரின் தவித்தபோது மேட்ரனம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"என் ஹால் என்ன முள்ளுக்காடா? இங்கன வரச் சொல்லு. வாப்பா போன்ல பாக்கட்டும்."

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றுக்கு வருவதாகச் சொன்னவர்கள், வழியில் ஏதோ ஊர்வலத்தில் சிக்கி, பன்னிரண்டரைக்கு வந்தார்கள். இம்தியாஸ், அவன் அப்பா, அம்மா, அக்கா. அப்பா மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். வந்ததும் மேட்ரனம்மாவின் வீட்டைப் பாராட்டினார், டெல்லிக் குளிரைப் பாராட்டினார், நஸ்ரினைப் பார்த்து "உக்காரும்மா, ஏன் நிக்கிறே" என்றார். நஸ்ரினுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அவள் போனை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தோம். அதில் மேலப்பாளையத்து வாப்பாவும் உம்மாவும் தெரிந்தார்கள். மாவுக்கட்டுக் கால் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

நான் சமோசாவும் இனிப்பும் கொண்டுவந்து வைத்தேன். அப்பா கையைக் கூப்பினார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. எங்க வீட்டுல ஒரு பழக்கம். பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். திருச்சில எங்க அண்ணன் இருக்காரு. அவர் பொண்ணைப் பாத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் மொத்தத் தட்டையும் காலி பண்றேன்."

சரி, அண்ணனைக் கூப்பிட வேண்டியதுதான். அப்பாவுக்கும் இம்தியாஸுக்கும் விசிட்டர்ஸ் பாஸ்வேர்டைக் கொடுத்தோம். அந்த வாரம் பதினைந்து எழுத்தில் ஒரு ஆன்டிபயாட்டிக். இரண்டு போனிலும் சரியாக அடித்தான் இம்தியாஸ். இரண்டிலும் 'இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்து, இணையம் இல்லை என்று முடிந்தது.

மேட்ரனம்மாவின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. விருந்துக்குப் போன வீட்டில் வீணைக்காரருக்கு வீணை கிடைத்ததுபோல எழுந்தார். "ஒண்ணுமில்ல, ரெண்டு நிமிசம்." மூன்று பெட்டிகளுக்கும் ஓய்வு கொடுத்தார். வாப்பா பேச்சின் நடுவே காணாமல் போனார். பத்து நிமிடம் கழித்துப் பெட்டிகள் கண் விழித்தன. வாப்பா திரும்பி வந்தார். ஆனால் இவர்களுடைய போன்கள் அப்படியே.

"என் போன்ல கூப்புடுவோம்" என்றார் மேட்ரனம்மா. கூப்பிட்டோம். திருச்சி அண்ணன் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதில்லை என்ற கொள்கை உடையவர். இரண்டு முறை துண்டித்து, மூன்றாவது முறை அந்த எண்ணையே தடை செய்துவிட்டார்.

"அப்ப எல்லாரும் மறந்துருங்க" என்று உத்தரவு பிறந்தது. அப்பா மறந்தார், இம்தியாஸ் மறந்தான், அவன் அக்கா மறந்தாள். வேகத்தில் நஸ்ரினின் போனையும் எடுத்து மறக்கவைத்துவிட்டார் மேட்ரனம்மா. மேலப்பாளையத்தைக் காட்டிக்கொண்டிருந்த போன் அது. உம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்த கோலத்தில் மறைந்து போனார். இப்போது அந்த ஹாலில் திருச்சியும் இல்லை, மேலப்பாளையமும் இல்லை. மணி ஒன்றே முக்கால்.

நான் மெதுவாக அவர் காதில் சொன்னேன். "மேட்ரனம்மா, இன்னைக்கு ஒரு நாள் ஸ்டாஃப் பாஸ்வேர்டு..."

அவர் பார்த்த பார்வையில் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் செயலியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே சிவப்பு எழுத்தில், பொடியாக, ஒரு வரி. நான் வாங்கிப் படித்தேன். விருந்தினர் பட்டியல் முப்பத்திரண்டு சாதனங்களோடு நிரம்பிவிட்டது, இனி புதிய சாதனத்துக்கு இடமில்லை.

"பெட் ஃபுல்லா?" என்றார் நம்பாமல். "முப்பத்திரண்டு பேரு யாரு நம்ம வீட்டுல?"

பட்டியலை உருட்டினோம். கேஸ் பையா, இரண்டு பிளம்பர்கள், சிரித்த முகம், அப்புறம் நஸ்ரின், நஸ்ரின், நஸ்ரின். பதினான்கு நஸ்ரின்கள்.

இம்தியாஸ் எட்டிப் பார்த்தான். டெல்லியில் பிறந்து வளர்ந்தவன், அவன் தமிழ் இந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். "அது ஆன்ட்டி, மத்லப்... யாரும் நம்மள டிராக் பண்ணக் கூடாதுன்னு போன் தன்னோட ரியல் அட்ரஸைச் சொல்லாது. டூப்ளிகேட் ஒண்ணு சொல்லும். சில போன்ல, மறந்துட்டு திருப்பிச் சேர்ந்தா புது டூப்ளிகேட் வரும். ரூட்டருக்கு அது நயா ஆள்."

மேட்ரனம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப நான் மறக்கச் சொல்லச் சொல்ல, இவ புதுசு புதுசா வந்து படுத்திருக்கா."

"ஹான் ஆன்ட்டி."

அவர் சளைக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று டிஸ்சார்ஜ் போட ஆரம்பித்தார். பதினான்கு நஸ்ரின்களும் போனார்கள். மோசமான பிளம்பர் போனான். நல்லவனும் போனான். நஸ்ரினின் போனுக்கு உயிர் வந்தது. வாப்பா மீண்டும் மாவுக்கட்டோடு தோன்றினார். இம்தியாஸின் போனும் சேர்ந்தது.

"பெரியத்தாவை நான் கூப்பிடட்டுமா அத்தா?" என்றான் இம்தியாஸ்.

"வேணாம்!" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் குரல் அது என்று நம்ப முடியவில்லை. "அண்ணன்கிட்ட நான் பேசாம நீ பேசுவியா? மரியாதை வேணாம்? என் போன்லதான் பேசுவேன். குடு இங்க."

இம்தியாஸின் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கிக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார். தவறு. மறுபடி அடித்தார். தவறு. இம்தியாஸ் உதவிக்குக் கையை நீட்டியபோது அதைத் தட்டிவிட்டார். "என்ன வீடு இது! ஒரு போன் பேச வழி இல்ல. இதுல சம்பந்தம் வேற!"

இம்தியாஸின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நஸ்ரின் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். திரையில் வாப்பா தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு வருட ஆசை, பதினைந்து எழுத்து மருந்துப் பெயரில் வந்து மோதி நின்றுவிட்டது.

மூன்றாவது முறையும் தவறு என்று வந்தது. மேட்ரனம்மா அவர் முன்னால் போய், "குடுங்க, ஸ்பெல்லிங்கத் தப்பா அடிச்சிருப்பீக" என்று போனை வாங்கினார். வாங்கும்போது அவர் விரல்கள் அப்பாவின் கையில் பட்டன.

அவர் போனைப் பார்க்கவில்லை. அதை அப்படியே சோபாவில் போட்டார். அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தார். பிறகு நெற்றியைப் பார்த்தார். பிப்ரவரிக் குளிரில் அந்த நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"இம்தியாஸ், அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டு ஆன்ட்டி."

"மாத்திரையா ஊசியா?"

"காலையில ஊசி போட்டுக்கிட்டாரு" என்றார் அம்மா. "எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. அதுக்கப்புறம் ஒண்ணும்..."

அந்த மூன்று வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில் மேட்ரனம்மா பேசினார். தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். "நஸ்ரின், அர கிளாஸ் தண்ணி, நாலு ஸ்பூன் சீனி." என் பக்கம் திரும்பி, "நீ போயி என் மேசை ட்ராயர்ல சர்க்கரை பாக்குற மிஷின் இருக்கு, எடுத்துட்டு வா. யாரும் பயப்படாண்டாம். பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு. இவுகளுக்குத்தான் சர்க்கரை எறங்கிருக்கு. வெரலு சொன்னபடி கேக்கல."

நஸ்ரின் ஓடிப்போய்க் கலக்கிக்கொண்டு வந்தாள். அப்பா டம்ளரைத் தள்ளினார். கண்கள் எங்கோ நிலைகுத்தி இருந்தன. "அண்ணன் பாக்கணும்" என்று முணுமுணுத்தார். "அண்ணன் பாக்காம..."

"அண்ணன் பொறவு பாப்பாவ. இப்போ நான் பாக்குதேன். வாயத் தொறங்க. பையக் குடிங்க. இன்னும் ஒரு மடக்கு. அதான், நல்ல புள்ளையில்லா."

ஓய்வு பெற்ற ஒரு மத்திய அரசு அதிகாரி நல்ல பிள்ளையாகக் குடித்தார்.

மேட்ரனம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். அந்தக் கால் மணி நேரமும் யாருக்கும் வைஃபை நினைவே வரவில்லை. வேர்வை அடங்கியது. அப்பாவின் கண் மெதுவாக ஒவ்வொருவர் முகமாக வந்து, கடைசியில் நஸ்ரினிடம் நின்றது. அவள் டம்ளரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாம்மா?"

"இல்ல மாமா" என்றாள் நஸ்ரின். மாமா என்று எப்படி வாயில் வந்ததென்று அவளுக்கே தெரியாது.

மேட்ரனம்மா இரண்டு சப்பாத்தியும் பருப்பும் கொண்டுவரச் சொன்னார். அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். பிறகு இம்தியாஸ் அவர் போனில் பாஸ்வேர்டை அடித்துக் கொடுக்க, திருச்சி அண்ணன் திரையில் வந்தார். வெள்ளைத் தாடி, கண்டிப்பான முகம். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"ஏன்டா இவ்ளோ நேரம்? முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே. கொஞ்சம் சர்க்கரை இறங்கிப் போச்சு."

"எங்க சாப்பிட்டே?"

"இங்கதான். பொண்ணு வீட்டுல."

அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். "பொண்ணு வீட்டுல கை நனைச்சுட்டியா?"

"நனைச்சுட்டேண்ணே."

"அப்ப முடிஞ்சு போச்சுல்ல? இனிமே என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? நல்லா இருக்கட்டும். பொண்ணு எங்க, காட்டு."

மேலப்பாளையத்தில் மாவுக்கட்டுக் கால் சந்தோஷத்தில் துள்ள, உம்மா அதைப் பிடித்து அழுத்தியது திரையில் தெரிந்தது. இரண்டு போன்களையும் எதிரெதிராக வைத்தோம். திருச்சியும் மேலப்பாளையமும் மயூர் விஹார் மேசைமேல் சலாம் சொல்லிக்கொண்டன.

எல்லோரும் இனிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது மேட்ரனம்மாவைக் காணோம். சமையலறையில், அடுப்புத் திண்டில் கையை ஊன்றி நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"என்ன மேட்ரனம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே?"

"ஒரு மணி நேரம் போனையே பாத்துக்கிட்டு நின்னேன் பாத்தியா" என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். "எதிர்த்தாப்புல ஒரு மனுசன் வேர்த்து வடியுதான். முப்பத்தஞ்சு வருச சர்வீசு. வார்டுல ஒரு நர்ஸ் பொண்ணு இப்படிச் செஞ்சிருந்தா, கிழிச்சிருப்பேன்."

"கண்டுபிடிச்சது நீங்கதானே?"

"லேட்டா கண்டுபிடிச்சேன்."

அவருடைய காபியைக் கலந்து கையில் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி தூக்கல்" என்றார். மேட்ரனம்மா தேறிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

நஸ்ரினின் கல்யாணம் மேலப்பாளையத்தில் நடந்தது. மேட்ரனம்மா இரண்டு நாள் ரயிலில் போய் வந்தார். போன இடத்தில் மண்டபத்து வைஃபை வேலை செய்யவில்லை என்று யாரோ அவர் காதுபடச் சொல்லித் தொலைக்க, சமையல் கூடத்துப் பரண்மீது ஏறி அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்தார் என்பது நஸ்ரின் வீட்டாரிடம் இன்றும் பேச்சு. பட்டுப்புடவையோடு ஏறினாராம்.

அடுத்த வருடம் எனக்கும் வேலை குருகிராமுக்கு மாறியது. புது வீட்டில் நானும் ஒரு மெஷ் வைஃபை வாங்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ரனம்மாவுக்குப் போன் செய்து, விருந்தாளிகளுக்கு நெட் வரவில்லை என்று முறையிடுவேன்.

"எப்பருந்து?" என்று ஆரம்பிப்பார். பெட்டி எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, வந்த விருந்தாளி யார், அவர் நல்லவரா, நான் ஏன் இளைத்த குரலில் பேசுகிறேன், ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். முழுசாக முக்கால் மணி நேரம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், என் வீட்டு வைஃபைக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.